கைகாரர் வீட்டுப் பேச்சு

எங்கள் பட்டறையில் எல்லோரும் அவரைக் கைகாரர் என்றுதான் கூப்பிடுவோம். கைகாரர் என்றால் கெட்டிக்காரர், கொஞ்சம் தந்திரசாலி என்று ஒரு பொருள் உண்டு. இவரிடம் தந்திரம் மருந்துக்கும் கிடையாது. துணிக்கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்குமே ஆளுயரப் பொம்மைகள், அவற்றைச் செய்கிற பட்டறை எங்களுடையது. உடம்பை ஒருவர் செய்வார், தலையை இன்னொருவர். கைகள் இவர் பொறுப்பு. முகத்துக்கு வண்ணம் தீட்டுவது நான், அதனால் எனக்கு முகத்துக்காரி என்று பெயர். இருவர் மேசையும் ஒட்டிக் கிடந்ததில் அவர் கதை எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தது. நான் அவரை அண்ணே என்பேன்.

களிமண்ணில் கையை வடித்து, பிளாஸ்டரில் அச்செடுத்து, அச்சுக்குள் ஃபைபர் ஒட்டி, உலர்ந்ததும் பிரித்து உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். மற்றப் பட்டறைகளில் செய்யும் கைகளைப் பார்த்தால் ஈரக் கையைத் துடைக்கத் துண்டு தேடுகிறவர்கள் போல இருக்கும். அண்ணன் செய்த கைகள் அப்படி இருக்காது. ஏதோ சொல்ல வாயெடுத்து, நாம் பார்த்ததும் நிறுத்திக்கொண்டது போல இருக்கும். முதலாளிக்கு அதுதான் ஆகாது.

"பொம்மை பேசக் கூடாதுப்பா. துணிதான் பேசணும்" என்பார்.

"சரிங்க" என்று அண்ணன் தலையாட்டுவார். அடுத்த கையும் பேசும்.

அதற்குக் காரணம் அவர் வீடு. அவருடைய அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அப்பா ஓர் அச்சகத்தில் புத்தகங்களுக்கு பைண்டிங் செய்கிறவர். இயந்திரம் எவ்வளவு கத்தினாலும் அவருக்குத் தொந்தரவில்லை என்பதால் அவரை இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தார்கள். அம்மா வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் காது கேளாதவர்கள் இருந்தார்கள். அவர்கள் யாரும் பள்ளிக்கூடம் போய்ச் சைகை கற்றவர்கள் இல்லை. வேண்டிய சொற்களைத் தங்கள் கையிலேயே உண்டாக்கி, பிள்ளைகளுக்குக் கொடுத்து, அவர்கள் இன்னும் நாலு சேர்த்து, அப்படியே வளர்ந்து வந்த பேச்சு அது. அண்ணன் அதைச் சைகை என்று சொல்லமாட்டார். "எங்க வீட்டுப் பேச்சு" என்பார்.

ஒரே பிள்ளை. நன்றாகக் காது கேட்கிற பிள்ளை. கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா அவர் நெஞ்சின்மேல் கையை வைத்துக்கொண்டே தூங்குவாராம். பிள்ளை அழுதால் கைக்குத் தெரிந்துவிடும். வாய் வார்த்தை பேசுவதற்கு வெகு முன்பே அவர் கையால் பேசிவிட்டார். முதலில் சொன்ன சொல் 'விளக்கு' என்று அப்பா கடைசிவரை பெருமையடித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் விளக்கு முக்கியம். வெளிச்சம் இல்லாவிட்டால் பேச முடியாது. புருஷன் பெண்டாட்டிக்குள் வாக்குவாதம் முற்றினால் அந்த அம்மா எழுந்துபோய் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வாராம். அதோடு பேச்சு முடிந்தது. "எங்கம்மா மாதிரி சண்டையில ஜெயிச்சவங்க உலகத்துலயே கிடையாது" என்று சொல்லி அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பார்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். அண்ணனுக்கு வாலிபால் பைத்தியம். பந்தை ஓங்கி அடித்துக் கைத்தட்டல் வாங்குகிறவர் அவர் இல்லை. அடிக்கிறவனுக்கு வாகாகப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர். விரல் நுனிகளில் பந்து வந்து விழுந்ததோ இல்லையோ, சத்தமே இல்லாமல் மேலே போய்விடும். பெற்றவர்கள் இருவரும் ஒரு ஆட்டம் விடாமல் பார்க்க வருவார்கள். அப்பா மைதானத்தின் அந்தக் கோடியில் நின்றுகொண்டு, எதிரணியில் யார் அசந்து நிற்கிறான் என்பதைக் கையாலேயே மகனுக்குச் சொல்லிவிடுவார். எதிரணிக்கு ஒன்றும் புரியாது. ஒருமுறை தோற்றுப்போனவர்கள், பெரியவர் மந்திரம் போடுகிறார் என்று சண்டைக்கே வந்துவிட்டார்கள். அம்மா நடுவில் புகுந்து அவர்களைப் பார்த்து ஏதோ சொன்னாராம். "என்ன சொன்னாங்கண்ணே?" என்று கேட்டேன். "அதை வாயால சொல்ல முடியாதும்மா" என்றார்.

கல்யாணமாகி வந்த அண்ணி நல்லவர். சாப்பிடு, குளி, மருந்து, தண்ணீர் வரவில்லை என்கிற அளவுக்குக் கற்றுக்கொண்டார். அதற்கு மேல் அந்தப் பேச்சு அவருக்குப் பிடிபடவில்லை. "அவளுக்கு அந்தப் பேச்சுல அடுக்களை மட்டும்தான் தெரியும், கூடம் தெரியாது" என்பார் அண்ணன். மகளுக்குச் சின்ன வயதில் தண்ணீர்பட்ட பாடு. பிறகு படிப்பு, வேலை, கல்யாணம் என்று தூரமாகப் போய்விட்டாள். வருகிறபோதெல்லாம் அவள் கை திக்கித் திணறும். தாத்தா பாட்டி முன்னால் அழுதுவிடக் கூடாதே என்று சும்மா சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

அம்மா வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆக, மிஞ்சியது மூன்று பேருடைய பேச்சு. வருஷக்கணக்கில் அப்படியே ஓடியது.

ஒருநாள் காலை அண்ணன் பட்டறைக்கு வந்த சற்று நேரத்துக்கெல்லாம் அண்ணியிடமிருந்து போன் வந்தது. அம்மா அடுக்களையில் பாத்திரங்களோடு விழுந்து கிடக்கிறார் என்று. அண்ணன் கையில் இருந்த களிமண்ணைக்கூடக் கழுவாமல் ஓடினார். நானும் பின்னாலேயே போனேன்.

பக்கவாதம். வலது பக்கம் முழுவதும் போய்விட்டிருந்தது. மருத்துவர் கட்டிலருகே வந்து, "பேச்சு வருதா?" என்று கேட்டார்.

"வாய் எப்பவும் பேசினதில்ல டாக்டர்" என்றார் அண்ணன். "அந்தக் கைதான் பேசும்."

போர்வைக்கு வெளியே கிடந்த வலது கையை மருத்துவர் பார்த்தார். அண்ணனின் தோளைத் தொட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்த அம்மா இடது கையால் பேசப் பார்த்தார். பாதிச் சொற்களுக்கு இரண்டு கையும் வேண்டும். ஒரு கையால் சொன்னால் அவை வேறு எதுவோ ஆகிவிடும், அல்லது ஒன்றுமே ஆகாது. அப்போது பெரியவர் ஒரு வழி கண்டுபிடித்தார். மனைவிக்கு வலப்பக்கம் நெருங்கி உட்கார்ந்து, தன் வலது கையை அவருக்குக் கொடுத்தார். அவருடைய இடது கையும் இவருடைய வலது கையும் சேர்ந்து ஒரு சொல்லைச் சொல்லும். இதில் ஒரு சிக்கல். மனைவி என்ன சொல்லப் போகிறார் என்று பெரியவர் முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். சில நேரம் தவறாக ஊகித்துவிடுவார். ஜன்னலைச் சாத்தச் சொல்ல வந்தவர் ஜன்னலைத் திருமணம் செய்யச் சொன்னது போல ஆகிவிடும். அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இடது கையால் அவர் முழங்காலில் ஒரு அடி வைப்பார். பிறகு இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்கள். நான் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் சட்டென்று எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அந்த நாட்களில்தான் முதலாளி புதிதாக ஒரு பெண் பொம்மை வேண்டும் என்றார். பிரதான சாலையில் இருந்த பெரிய துணிக்கடைக்கு. அண்ணன் களிமண்ணை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தினமும் காலையில் அம்மாவின் செயலற்ற கையைக் கழுவித் துடைத்துவிடுவது அவர்தான். அந்தக் கையின் கனம், விரல் கணுக்களின் பருமன், எங்கே எலும்பு, எங்கே சதை என்பதெல்லாம் அவர் உள்ளங்கைக்குத் தெரியும். அந்தக் கையை அவர் களிமண்ணில் மறுபடி நிமிர்த்தினார். நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, கட்டைவிரலும் சுட்டுவிரலும் எதையோ மெல்லப் பிடித்துத் திருப்புவது போல.

முதலாளி பார்த்துவிட்டு, "அட! துணியோட ஓரத்தைத் தொட்டுப் பாக்கற மாதிரியே இருக்கே. இதைத்தானய்யா இத்தனை நாளா கேட்டேன்" என்று வாயெல்லாம் பல்லாக நின்றார்.

அவர் போன பிறகு நான் கேட்டேன்: "இது என்ன சொல்லுதுண்ணே?"

"அப்பாவோட பேரு" என்றார்.

அவர்கள் பேச்சில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் உண்டு. பெரியவர் புத்தக பைண்டிங் செய்கிறவர் என்பதால் பக்கத்தின் மூலையை மடிப்பது போன்ற அந்த அசைவுதான் அவர் பெயர். கல்யாணமான புதிதில் அம்மா வைத்த பெயர்.

"விரல் அம்மாவோடது" என்று அந்தக் களிமண் கையைத் திருப்பிக் காட்டினார். "மணிக்கட்டு மட்டும் மைதானத்துல கிடைச்சது. பந்தை வாங்கறதுக்கு முன்னாடி மணிக்கட்டு இப்படித்தான் லேசாத் தளரும். அந்தத் தளர்ச்சி இல்லேன்னா எந்தக் கையும் பேசாது. நான் இதுவரைக்கும் செஞ்சதெல்லாம் இந்த ரெண்டும்தாம்மா. வேற எதுவும் எனக்குத் தெரியாது."

கடைக்குப் போன பொம்மையைப் பார்க்க அந்த அம்மாவுக்குக் கொடுத்து வைக்கவில்லை. இரண்டாவது முறை வாதம் வந்தது. இந்தத் தடவை மிச்சமிருந்த கையும் போனது. கண்கள் மட்டும் பெரியவர்மேல் நிலைத்துக் கிடந்தன. அவர் தன் இரண்டு கைகளையும் மனைவியின் முகத்துக்கு முன்னால் கொண்டுபோய், அவருக்காகவும் பேசி, தனக்காகவும் பேசிக்கொண்டிருந்தார். கேள்வியும் அவரே, பதிலும் அவரே. ஒரு மத்தியானம் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மா போய்விட்டார். பெரியவர் கொஞ்ச நேரம் அதைக் கவனிக்காமல் பேசிக்கொண்டே இருந்தாராம். அண்ணன்தான் போய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு பெரியவர் பேசக் கையைத் தூக்கவே இல்லை. மகன் ஏதாவது கேட்டால் தலையசைப்பார், அவ்வளவுதான். "காது கேளாதவங்க சங்கம் ஒண்ணு இருக்காமே, அங்க கூட்டிட்டுப் போங்களேன்" என்று நான் சொன்னேன். "போனோம்மா. அங்க எல்லாரும் பள்ளிக்கூடத்துப் பேச்சு பேசறாங்க. நல்ல மனுஷங்க. அப்பா ஒரு மூலையில விருந்தாளி மாதிரி உட்காந்திருந்துட்டு வந்துட்டார்" என்றார்.

சில மாதங்கள் போயின. திடீரென்று பெரியவரிடம் ஒரு மாற்றம். மதியச் சாப்பாடு முடிந்ததும் சட்டை மாற்றி, தலை சீவிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். திரும்பி வரும்போது முகம் தெளிவாக இருக்கும். இரவு ஒரு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார். எங்காவது பழைய சிநேகிதர் கிடைத்திருப்பார் என்று அண்ணி சந்தோஷப்பட்டார்.

பிறகு ஒருநாள் அந்தத் துணிக்கடையிலிருந்து பட்டறைக்கு போன் வந்தது. ஒரு பெரியவர் தினமும் கண்ணாடிக்கு முன்னால் நின்று கையைக் கையை ஆட்டுகிறார், கடைக்கு வருகிறவர்கள் மிரள்கிறார்கள், உங்கள் பொம்மையைப் பார்த்துத்தான் ஏதோ செய்கிறார் என்று. அண்ணன் என்னையும் வரச் சொன்னார். தனியாகப் போக அவருக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன்.

சாலையின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தோம். பச்சைத் துணி உடுத்திய பொம்மை கண்ணாடிக்குப் பின்னால் நின்றது. நெஞ்சு உயரத்தில் அந்தக் கை. வெளியே பெரியவர். சலவைச் சட்டை, படிய வாரிய தலை. இரண்டு கைகளும் பறந்துகொண்டிருந்தன. இத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் மடை திறந்தது போல. சனங்கள் அவரைச் சுற்றிக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள்.

"என்ன சொல்றார்ணே?"

அண்ணன் கண்ணெடுக்காமல் சொன்னார்: "'மாத்திரை போட்டுக்கிட்டேன்'கிறார். 'மழை வரும்போல இருக்கு, குடையை எங்க வச்சே'ன்னு கேக்கறார். 'மருமக நல்லாத்தான் பாத்துக்கறா, ஆனா பேச மாட்டேங்கறா'ங்கறார். அப்புறம்..."

அருகில் போய்க் கூட்டிவரலாமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். கடையின் பின்வாசல் வழியாகப் போய்க் கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னார். கடைக்காரர் இளகிய மனசுக்காரர். "நிக்கட்டும் சார். வாசல்ல ஒரு நாற்காலி போட்டுத் தரேன்" என்றார். சொன்னபடியே போட்டும் தந்தார்.

அன்று மாலை அண்ணன் அப்பாவிடம் மெல்லக் கேட்டிருக்கிறார். பெரியவர் கோபித்துக்கொண்டார். "பொம்மைன்னு எனக்குத் தெரியாதா? கை யாரோடதுன்னும் தெரியும், செஞ்சது யாருன்னும் தெரியும். கூப்பிடறா. கூப்பிட்டா போகாம இருக்க முடியுமா?"

நாள் எல்லாம் ஒன்று போல இருப்பதில்லை. கடைக்குப் புதிய சரக்கு வந்தது, கண்ணாடிக்குள் வேறு ஏற்பாடு செய்தார்கள். தலையே இல்லாத புது மாதிரிப் பொம்மைகள் வந்து நின்றன. பச்சைத் துணிக்காரியைத் துண்டு துண்டாகக் கழற்றி மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். பெரியவர் போய்ப் பார்த்துவிட்டு, நாற்காலியில்கூட உட்காராமல் திரும்பி வந்தார். அன்று இரவும் மறுநாளும் சாப்பிடவில்லை.

அண்ணன் முதலாளியிடம் அச்சைக் கேட்டு வாங்கி, அந்தக் கையை மறுபடி வார்த்தார். உப்புத்தாள் போட்டுப் போட்டு அவர் விரல் தேய்ந்தது. வண்ணம் தீட்டியது நான். கடைப் பொம்மைக்கு அடிக்கிற வழவழப்பான நிறம் இல்லை. அந்த அம்மாவின் தோல் நிறம், நகங்களின் மங்கல், புறங்கையில் ஓடிய பச்சை நரம்பு, ஆள்காட்டி விரலில் இருந்த பழைய சூட்டுத் தழும்பு. அண்ணன் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் வெளிற விடும்மா, தழும்பு பழசு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முடித்தபோது எனக்கே அதைத் தொடப் பயமாக இருந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு உயிரோடு எதையும் தீட்டியதில்லை.

ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பெரியவர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தழும்பைத் தடவினார். என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார். தன் அறையில், கட்டிலுக்கு எதிரே இருந்த அலமாரித் தட்டில் வைத்துக்கொண்டார்.

பத்து நாள் இருக்கும். அண்ணன் பட்டறைக்கு அந்தத் துண்டு மூட்டையோடு வந்தார். முகம் பேயறைந்தது போல இருந்தது. மேசைமேல் வைத்தார். பிரிக்கவில்லை.

"என்னண்ணே?"

"அப்பா திருப்பிக் கொடுத்துட்டார்."

"ஏன்? வண்ணம் சரியில்லையா?"

"எல்லாம் சரியாத்தான் இருக்காம்." அண்ணன் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "'கடையில கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தா. தூரத்துல இருக்கா, அதான் பதில் சொல்லலைன்னு நினைச்சுக்கிட்டேன். பக்கத்துல வந்தும் சொல்லலை. நான் என்ன சொன்னாலும் என் பேரையே சொல்லிக்கிட்டிருக்கா. உங்கம்மா என்னை ஒரு தடவைக்கு மேல கூப்பிட்டதே இல்ல. இது அவ இல்லடா'ன்னு சொல்லிட்டு, துண்டைப் போட்டு மூடிட்டார்."

என் தூரிகையை எடுத்துச் சும்மா துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு சொல்லைப் பாதியில நிறுத்தினா அது சொல்லே இல்லம்மா" என்றார். "கை அசைஞ்சு முடிஞ்சாத்தான் அர்த்தம் வரும். அது எனக்குத் தெரியாதா? பொறந்ததுலேருந்து தெரியும். தெரிஞ்சும் ஆயுசு பூரா நிறுத்தி நிறுத்தியே வச்சிருக்கேன்."

அந்த மூட்டையை அவர் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை, பட்டறையிலும் வைக்கவில்லை. என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது.

பெரியவர் அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. பெரிய வியாதி என்று எதுவும் இல்லை. எண்ணெய் தீர்ந்தது போல அடங்கிவிட்டார். நாங்கள் போனபோது கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். உறவுக்காரர் ஒருவர் மரியாதைக்காக அவர் இரண்டு கைகளையும் நெஞ்சின்மேல் கோத்து வைத்திருந்தார். அண்ணன் மண்டியிட்டு உட்கார்ந்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கைகளைப் பக்கத்துக்கு ஒன்றாக வைத்தார்.

"ஏம்பா, இதுதானே முறை?" என்றார் உறவுக்காரர்.

"வாயைப் பொத்தின மாதிரி இருக்குங்க" என்றார் அண்ணன்.

தூரத்திலிருந்து வந்திருந்த மகள் அப்போதுதான் வெடித்து அழுதாள். தாத்தாவிடம் ஏதோ சொல்லக் கையைத் தூக்கினாள். பாதியில் சொல் நினைவுக்கு வராமல் அப்பாவைப் பார்த்தாள். அவர் அந்தச் சொல்லைச் செய்து காட்டினார். அவள் பார்த்துப் பார்த்துச் செய்தாள்.

இப்போது அண்ணன் செய்கிற கைகள் பேசுவதில்லை. தொங்கவிட்ட கை, இடுப்பில் வைத்த கை, அவ்வளவுதான். முதலாளிக்கு ரொம்பத் திருப்தி. மைதானத்துக்கும் போவதில்லை, முழங்கால் வலி என்கிறார். மகளிடம் போனில் முகம் பார்த்துக் கையால் பேசலாமே என்று ஒருமுறை சொன்னேன். பேசிப் பார்த்தார்களாம். அவள் நாலு சொல்லுக்குள் அழுதுவிடுகிறாள், அதனால் வாயாலேயே பேசிக்கொள்கிறோம் என்றார்.

போன வாரம் வேலை முடிந்து இருவரும் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தோம். சாப்பாட்டுப் பையை மடியில் வைத்திருந்தார். அதன்மேல் அவர் கைகள் சின்னதாக அசைந்துகொண்டிருந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"என்னண்ணே சொல்றீங்க?" என்று கேட்டேன்.

அவர் அப்போதுதான் தன் கைகளைப் பார்த்தார்.

"பஸ் இன்னும் வரலைன்னு சொன்னேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "யாருகிட்ட சொன்னேன்னு தெரியலம்மா" என்றார்.

பேருந்து வந்தது. கூட்டமாக இருந்தது. என்னை முன்னால் ஏறச் சொல்லிவிட்டு, அவர் பின்படியில் ஏறிக் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.